நெட்வொர்க்கிங் புதுசா படிக்கறீங்களா? உங்க லேப்டாப்ல இருந்தே ஆரம்பிங்க

கோயமுத்தூர், ஈரோடு, பெருந்துறை, சத்தியமங்கலம்னு நம்ம பக்கம் காலேஜுக்குப் பஞ்சமே இல்லீங்க, கம்ப்யூட்டர் எடுத்துப் படிக்கற பசங்க பொண்ணுகளுக்கும் பஞ்சமில்ல. ஆனா நெட்வொர்க்ஸ் பேப்பர் வந்துச்சுன்னா எல்லாரும் பண்றது ஒன்னுதான், நெட்வொர்க் வேலைய ஏழு அடுக்கா பிரிச்சு வெச்சிருக்கற அந்த ஏழு லேயர் பேரையும் வரிசையா நெட்டுரு போடறது. பரிச்சைல எழுதிருவாங்க, மார்க்கும் வந்துரும். அதே பையன் வேலைக்கு வந்து நிக்கறப்ப "தம்பி, இந்த சிஸ்டத்துல நெட் வரல, என்னன்னு பாரு"ன்னு சொன்னா எங்க கை வெக்கறதுன்னு தெரியாம முழிக்கறான். நான் திருப்பூர், அவினாசி பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் வேலை பாக்கறேனுங்க. புதுசா வர்ற பசங்களுக்கு எந்த வரிசைல சொல்லித் தர்றேனோ அதே வரிசைல இங்க எழுதறேன். பொஸ்தகத்து வரிசை வேற, இது வேற. மொதல்ல கண்ணுல பாத்துருங்க, பேரு அப்பறம் தானா மனசுல நிக்கும்.

வேண்டியது ஒரு லேப்டாப்பு, ஏதாச்சும் ஒரு வைஃபை, ஒரு நோட்டு, பேனா. விண்டோஸ வெச்சுத்தான் சொல்றேன், பெரும்பாலும் அதுதானே வெச்சிருப்பீங்க.

1. உங்க அட்ரஸ் என்னன்னு பாருங்க

ஸ்டார்ட் மெனுல சிஎம்டின்னு அடிச்சா கருப்பு கலர்ல ஒரு விண்டோ வரும். அதுல ஐபிகான்ஃபிக்னு இடைவெளி உடாம ஒரே சொல்லா அடிச்சு, ஒரு ஸ்பேஸ் உட்டு, ஸ்லாஷ் போட்டு ஆல்னு அடிங்க. நெறைய வரி ஓடும், பயந்துக்காதீங்க. வைஃபைன்னு போட்டிருக்கற பகுதிய மட்டும் பாருங்க, அதுல ஃபிசிகல் அட்ரஸ், ஐபிவி4 அட்ரஸ், சப்நெட் மாஸ்க், டீஃபால்ட் கேட்வே, டிஎச்சிபி சர்வர், டிஎன்எஸ் சர்வர்னு ஆறு வரி இருக்கும். அந்த ஆறையும் நோட்டுல எழுதிக்கங்க. இந்தக் கட்டுரை பூராவும் அந்த ஆறு வரியப் பத்தித்தான்.

ஃபிசிகல் அட்ரஸ்ங்கறதுதான் மேக் அட்ரஸ். 48 பிட்டு, அத 12 ஹெக்சா எழுத்தா எழுதுவாங்க. மொதல் ஆறு எழுத்து அந்த நெட்வொர்க் கார்டு செஞ்ச கம்பெனிக்குக் குடுத்த நம்பர், மிச்சம் ஆறு அந்தக் கம்பெனி ஒவ்வொரு கார்டுக்கும் போட்டது. இப்ப வர்ற ஆண்ட்ராய்டு, ஐபோன்லயெல்லாம் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் அட்ரஸ காட்டற வசதி ஆன்லயேதான் வருது, உங்க நடமாட்டத்த யாரும் தொடரக்கூடாதுங்கறதுக்காக. நல்ல விசயந்தானுங்க, ஆனா மேக் அட்ரஸ பதிவு பண்ணித்தான் உள்ள உடுவோம்ங்கற ஹாஸ்டல், காலேஜ் வைஃபைல "பதிவு பண்ணியும் கனெக்ட் ஆகல"ன்னு பசங்க நிக்கறது பாதி நேரம் இதனாலதான். போன்ல அந்த வைஃபை செட்டிங்ஸ்க்குள்ள போய் ரேண்டம் மேக்குங்கறத டிவைஸ் மேக்குன்னு மாத்தி உட்டுப் பாருங்க.

அடுத்தது ஐபி அட்ரஸ். உங்களுது பெரும்பாலும் 192.168ன்னு ஆரம்பிக்கும், இல்லாட்டி 10ன்னு ஆரம்பிக்கும். கோபில இருக்கற உங்க சிநேகிதனையும் பொள்ளாச்சில இருக்கற சிநேகிதியையும் இதே மாதிரி பாத்துச் சொல்லச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் அச்சு அசலா ஒரே அட்ரஸ் இருந்தாலும் இருக்கும். ஒரே அட்ரஸ் ரெண்டு பேருக்கு எப்படி? ஐபிவி4ல மொத்தம் 32 பிட்டுதான், கூட்டிக் கழிச்சா சுமார் 429 கோடி அட்ரஸ், உலகத்துல இருக்கற போனுக்கும் லேப்டாப்புக்கும் டிவிக்கும் சிசிடிவிக்கும் அது பத்தாது. அதனால 10ல ஆரம்பிக்கறது, 172.16ல இருந்து 172.31 வரைக்கும், அப்பறம் 192.168ல ஆரம்பிக்கறது, இந்த மூனு கூட்டத்தையும் யாரு வேணா அவங்க வீட்டுக்குள்ள, ஆபீசுக்குள்ள வெச்சுக்கலாம்னு 1996ல ஆர்எஃப்சி 1918ங்கற ஆவணத்துல எழுதி வெச்சாங்க. இதுக்குப் பேரு பிரைவேட் ஐபி. வெளிய இன்டர்நெட்டுக்குப் போறப்ப உங்க ரவுட்டரு இந்த அட்ரஸ எடுத்துட்டு அதோட பப்ளிக் ஐபிய போட்டு அனுப்பும், பதில் திரும்பி வந்தா யாருக்கு வந்ததுன்னு பாத்து உள்ள தள்ளும். இதுதான் நேட்.

கூகுள்ல "என் ஐபி என்ன"ன்னு தேடிப் பாருங்க, நோட்டுல எழுதுனதுக்கும் அதுக்கும் சம்மந்தமே இருக்காது. மொபைல் டேட்டால பாத்தா கோலன் கோலனா நீளமா ஒன்னு வரலாம், அது ஐபிவி6, 128 பிட்டு. இன்னொன்னையும் பாருங்க, ரவுட்டரோட பேஜ் உள்ள போய் வேன் ஐபி (ரவுட்டரோட இன்டர்நெட் பக்கத்து அட்ரஸ்) என்னன்னு பாத்தா சில பேருக்கு 100.64ல இருந்து 100.127க்குள்ள இருக்கும். அப்படி இருந்தா நெட் குடுக்கற கம்பெனியே இன்னொரு தடவ நேட் பண்ணுதுன்னு அர்த்தம். தோட்டத்து வீட்டுல கேமரா மாட்டி போர்ட் ஃபார்வர்டு (வெளிய இருந்து வர்றத ரவுட்டரு உள்ள கேமராவுக்குத் தள்ளி உடற ஏற்பாடு) பண்ணியும் டவுன்ல இருந்து போன்ல பாக்க முடியலன்னா மொதல்ல இதத்தான் பாக்கோணும், ரவுட்டர்ல என்ன தலகீழா நின்னாலும் அங்க ஒன்னும் நடக்காது.

2. மாஸ்க்கு: கணக்குப் போட்டே பாக்கோணும்

255.255.255.0ன்னு எழுதியிருப்பீங்க. மொதல் மூனு நம்பரு யாருக்கெல்லாம் ஒன்னா இருக்குதோ அவங்கெல்லாம் நம்ம நெட்வொர்க்கு, நேராப் பேசிக்கலாம்னு அது சொல்லுது. கடைசி நம்பர்ல 0ல இருந்து 255 வரைக்கும் 256 இருக்குது, 0 நெட்வொர்க்கோட பேரு, 255 பிராட்காஸ்ட்டு (எல்லாருக்கும் ஒன்னா அனுப்பற அட்ரஸ்), மிச்சம் 254 மெசினுக்குக் குடுக்கலாம். மொதல் மூனு நம்பரும் சேந்து 24 பிட்டு, அதனால இத ஸ்லாஷ் 24ன்னும் எழுதுவாங்க.

பரிச்சைலயும் இன்டர்வியூலயும் கேக்கறது ஸ்லாஷ் 26, 27 இந்த மாதிரி. பைனரிய முழுசா எழுதிட்டே உக்காந்திருந்தா நேரம் போயிரும், சுருக்கமா ஒரு வழி சொல்றேன். 192.168.10.75 ஸ்லாஷ் 26ன்னு குடுக்கறாங்கன்னு வெச்சுக்கங்க. 32ல 26 போக மிச்சம் 6 பிட்டு, ரெண்டோட ஆறாவது அடுக்கு 64. அப்ப கடைசி நம்பரு 64, 64ஆ வெட்டுப்படும், அதாவது 0, 64, 128, 192. 75 எங்க உழுகுது? 64க்கும் 127க்கும் நடுவால. நெட்வொர்க்கு 64, பிராட்காஸ்ட்டு 127, நடுவுல 65ல இருந்து 126 வரைக்கும் 62 மெசின். அவ்வளவுதான் கணக்கு. 192.168.10.200 ஸ்லாஷ் 27 நீங்களே போடுங்க, 193ல இருந்து 222ன்னு வந்தா சரி. தினம் நாலு கணக்கு ஒரு வாரம் போட்டீங்கன்னா பேப்பரே வேண்டாம், மனசுலயே வந்துரும்.

3. அந்த அட்ரஸ யார் குடுத்தாங்க?

நீங்க வைஃபைல சேந்ததும் உங்க லேப்டாப்பு "இங்க அட்ரஸ் குடுக்கறவங்க யாராச்சும் இருக்கீங்களா"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தம் போடும், அது டிஸ்கவர். டிஎச்சிபி சர்வர் "இந்தா இத வெச்சுக்கோ"ன்னு ஒன்னு நீட்டும், அது ஆஃபர். "சரி, அதையே எனக்குக் குடு"ன்னு இது கேக்கறது ரிக்வெஸ்ட்டு, "உனக்குத்தான்"னு அது முடிச்சு வெக்கறது அக்நாலட்ஜ்மென்ட்டு. வீட்டுல எல்லாம் இந்த வேலைய ரவுட்டரே பாத்துக்கும். நெட்வொர்க்குல போற வர்ற பாக்கெட்ட (டேட்டாவோட சின்னச் சின்னத் துண்டு) காட்டற ஒயர்ஷார்க்குன்னு ஒரு சாஃப்ட்வேர் ஓசிலயே கெடைக்குது, அத ஓட உட்டுப்போட்டு ஐபிகான்ஃபிக்கோட ஸ்லாஷ் ரிலீஸ், அப்பறம் ஸ்லாஷ் ரினியூ அடிங்க, இந்த நாலு பாக்கெட்டும் வரிசையா உழுகறத கண்ணாலயே பாக்கலாம். ஒருக்கா பாத்துட்டீங்கன்னா சாகற வரைக்கும் மறக்காது.

உங்க ஐபி 169.254ல ஆரம்பிச்சா கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலன்னு அர்த்தம், லேப்டாப்பு தானா ஒரு அட்ரஸ போட்டுக்கிச்சு. அந்த நம்பரப் பாத்ததுமே கேபிள், சுவிட்சு (கேபிள்களயெல்லாம் ஒன்னா சேக்கற பொட்டி), டிஎச்சிபின்னு தேட ஆரம்பிச்சிரலாம், பிரவுசரத் தொடவே வேண்டியதில்ல.

இந்த எடத்துல ஒரு சம்பவம் சொல்லியே ஆகோணும், ஏன்னா மேக்கு, ஐபி, டிஎச்சிபி மூனும் ஒன்னா இதுல வருது. ஒரு பனியன் கம்பெனி ஆபீசு, காலைல எல்லாரும் சிஸ்டத்த ஆன் பண்ணுனா பாதிப் பேருக்கு பிரிண்டரும் வரல, டேலி சர்வரும் வரல, மிச்சம் பாதிப் பேருக்கு எப்பவும் போல ஓடுது. சர்வர் போச்சுன்னு எல்லாரும் சத்தம் போடறாங்க, ஷிப்மென்ட் நேரம் வேற, இன்வாய்ஸ் எடுத்தே ஆகோணும். வேலை செய்யாத ஒரு சிஸ்டத்துல ஐபிகான்ஃபிக் ஸ்லாஷ் ஆல் அடிச்சா ஐபி 192.168.0ல இருக்குது, அந்த ஆபீசோட நெட்வொர்க்கு 192.168.1. டிஎச்சிபி சர்வர்ங்கற வரில 192.168.0.1ன்னு போட்டிருக்குது, அப்படி ஒரு சர்வரே அங்க கெடையாது. அப்ப நெட்வொர்க்குக்குள்ள யாரோ ஒருத்தர் புதுசா அட்ரஸ் குடுத்துட்டு உக்காந்திருக்காங்க. அதே சிஸ்டத்துல ஏஆர்பின்னு (எந்த ஐபிக்கு எந்த மேக்குன்னு காட்டறது) அடிச்சு ஒரு ஸ்பேஸ் உட்டு ஹைஃபன் ஏ போட்டா, அந்த 192.168.0.1க்கு நேரா அதோட மேக் அட்ரஸ் வந்துச்சு. மொத ஆறு எழுத்த வெச்சுத் தேடுனா வீட்டு ரவுட்டர் செய்யற கம்பெனி. சுவிட்சுக்குள்ள போயி மேக் டேபிளப் பாத்தா அந்த மேக்கு எந்த போர்ட்டுல (கேபிள் சொருகற ஓட்டை) உக்காந்திருக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு, அந்த கேபிளப் புடிச்சுட்டே போனா சாம்பிள் செக்சன்ல மேசைக்குக் கீழ சின்னதா ஒரு வெள்ள ரவுட்டரு. போன்ல சிக்னல் வரமாட்டேங்குதுன்னு யாரோ வீட்டுல இருந்து கொண்டாந்து, ஆபீஸ் கேபிள எடுத்து அதோட லேன் போர்ட்டுல சொருகியிருக்காங்க. அந்த ரவுட்டரும் அதோட கடமைக்கு எல்லாருக்கும் அட்ரஸ் குடுத்திருக்குது. எந்த ஆஃபர் மொதல்ல வருதோ அதத்தான் சிஸ்டம் வாங்கிக்கும், அதனாலதான் பாதிப் பேருக்கு மட்டும் பிரச்சன. ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஎச்சிபிய ஆஃப் பண்ணி வெறும் ஆக்சஸ் பாயின்ட்டா (வைஃபை மட்டும் குடுக்கறது) வெச்சா அதே ரவுட்டரு அங்கேயே இருக்கலாம். மறுபடி வராம இருக்க சுவிட்சுல டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை (நாம சொன்ன போர்ட்டத் தவிர வேற எங்கிருந்து ஆஃபர் வந்தாலும் தடுக்கறது) ஆன் பண்ணி வெக்கோணும்.

4. கேட்வே, அக்கட்டால இருக்கற உலகம்

நோட்டுல எழுதுன டீஃபால்ட் கேட்வேங்கறது உங்க நெட்வொர்க்க உட்டு வெளிய போற வாசல். பிங்னு ("இருக்கியா"ன்னு கேட்டு பதில் வாங்கற கமாண்டு) அடிச்சு ஸ்பேஸ் உட்டு அந்த நம்பரப் போடுங்க. நாலு பதிலும் வந்தா உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல எல்லாம் சரி. அடுத்து பிங் 8.8.8.8, அது கூகுளோட டிஎன்எஸ் சர்வர், பதில் வந்தா இன்டர்நெட் வரைக்கும் வழி இருக்குது.

அப்பறம் ட்ரேசர்ட் 8.8.8.8. ட்ரேசர்ட்டுங்கறது டி ஆர் ஏ சி ஈ ஆர் டி, நடுவுல ஓயூவும் கடைசில ஈயும் வராது, லினக்ஸ்லதான் முழுசா ட்ரேஸ்ரூட்டுன்னு அடிக்கோணும். வரிசையா ஒவ்வொரு ரவுட்டரா வரும். இதுல புரிஞ்சுக்க வேண்டியது, எந்த ரவுட்டருக்கும் முழு வழியும் தெரியாது, அடுத்து யாருகிட்டக் குடுக்கறதுன்னு மட்டுந்தான் தெரியும். அந்தியூர்ல இருந்து வால்பாறை போகோணும்னா அந்தியூர் பஸ் ஸ்டாண்டுல "கோபி வண்டி ஏறு"ன்னுதான் சொல்லுவாங்க, கோபில கோயமுத்தூர் வண்டியக் காட்டுவாங்க, கோயமுத்தூர்ல பொள்ளாச்சி வண்டியக் காட்டுவாங்க, வால்பாறை மலைல நாப்பது கொண்டை ஊசி வளைவு இருக்கறது அந்தியூர்காரருக்குத் தெரியவேண்டியதே இல்ல. ரவுட்டிங் டேபிளும் அதேதான்.

நடுவுல சில வரில ஸ்டார் ஸ்டாரா வரும், அங்க அறுந்துபோச்சுன்னு நெனச்சுக்காதீங்க, அந்த ரவுட்டரு பதில் சொல்ல இஷ்டமில்லாம கம்முனு இருக்குது, அவ்வளவுதான். கடைசி வரி வந்துருச்சான்னு மட்டும் பாருங்க. ஒவ்வொரு பாக்கெட்டுலயும் டிடிஎல்னு ஒரு நம்பர் இருக்குது, ஒவ்வொரு ரவுட்டரும் அதுல ஒன்னு கொறைக்கும், சைபரானா தூக்கிப் போட்டுட்டு "உன் பாக்கெட்டு இங்க செத்துப்போச்சு"ன்னு சேதி அனுப்பும். ட்ரேசர்ட்டு வேணும்னே டிடிஎல் 1, 2, 3ன்னு போட்டு அனுப்பி, அந்த சாவுச் சேதிகள வெச்சே வழியக் கண்டுபுடிக்குது. என்ன அழகான யோசனைங்க இது, எத்தன வாட்டி பாத்தாலும் எனக்கு சலிக்கறதே இல்ல.

மில்லிசெகண்டையும் கவனிங்க. ஃபைபருக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கோயமுத்தூர்ல இருந்து சென்னை ரோட்டு வழில 500 கிலோமீட்டர்னு வெச்சா போக வர 5 மில்லிசெகண்டு, அதுக்குக் கீழ எந்தக் காசு குடுத்தும் கொறைக்க முடியாது. கேம் வெளையாடறப்ப சிங்கப்பூர் சர்வர விட அமெரிக்கா சர்வர்ல லேக் அடிக்கறது உங்க பிளானோட ஸ்பீடு பத்தாம இல்ல, தூரம்.

5. டிஎன்எஸ்

8.8.8.8க்கு பிங் போகுது ஆனா எந்த வெப்சைட்டும் தெறக்கலன்னா பெரும்பாலும் டிஎன்எஸ்தான். பேரக் குடுத்தா ஐபி அட்ரஸ் தர்ற வேலை அது. ஆரம்பத்துல உலகத்துக்கே சேத்து ஒரே ஒரு ஃபைலுதான் இருந்துச்சு, எல்லாரும் அத காப்பி எடுத்து வெச்சுக்குவாங்க. மெசின் கூடக்கூட அது தாங்காதுன்னு ஆனப்ப, 1983ல பால் மொக்கபெட்ரிஸ் எழுதுனதுதான் டிஎன்எஸ். என்எஸ்லுக்அப்னு அடிச்சு ஸ்பேஸ் உட்டு உங்க காலேஜ் வெப்சைட் பேரப் போட்டுப் பாருங்க. பதில் வரலன்னா அதே வரி கடைசில 8.8.8.8ஐச் சேத்து மறுபடி அடிங்க, இப்ப வந்துச்சுன்னா உங்க பழைய டிஎன்எஸ் சர்வர்தான் படுத்திருக்குது.

6. போர்ட்டு, டிசிபி, யுடிபி

இது சுருக்கமா. ஐபி உங்க மெசின் வரைக்கும் கொண்டாந்து உடும், மெசினுக்குள்ள எந்த புரோகிராமுக்குன்னு சொல்றது போர்ட் நம்பர். வெப்சைட்டுக்கு 443, டிஎன்எஸ்க்கு 53, தூரத்துல இருக்கற மெசினுக்குள்ள போறதுக்கான எஸ்எஸ்எச்சுக்கு 22. டிசிபி மொதல்ல மூனு சேதி பேசி, ரெண்டு பக்கமும் தயாருன்னு உறுதி பண்ணிட்டுத்தான் அனுப்பும், வராதத மறுபடி கேட்டு வாங்கும். யுடிபி அனுப்பிட்டு போயிட்டே இருக்கும், வீடியோ கால்ல ஒரு சொல்லு உட்டுப்போனா பழசக் கேட்டு வாங்கி என்ன பண்றது, அதுக்கு அதுதான் சரி. நெட்ஸ்டேட் ஹைஃபன் என் அடிச்சா இப்ப உங்க லேப்டாப்பு யாரு யாருகிட்டப் பேசிட்டிருக்குதுன்னு பட்டியலே வரும்.

இப்ப அந்த ஏழு லேயருக்கு வாங்க. கேபிளும் வைஃபை சிக்னலும் ஒன்னாவது, மேக் அட்ரஸும் சுவிட்சும் ரெண்டாவது, ஐபியும் ரவுட்டரும் மூனாவது, டிசிபி யுடிபி நாலாவது, டிஎன்எஸ், எச்டிடிபி, டிஎச்சிபி எல்லாம் ஏழாவது. அஞ்சும் ஆறும் பரிச்சைக்குப் படிச்சுக்கங்க, நடைமுறைல அந்த வேலையெல்லாம் புரோகிராமுக்குள்ளயே நடந்துருது. கீழ இருந்து மேல ஒவ்வொன்னா சோதிக்கறதுக்குத்தான் இந்த லேயரு நெம்ப ஒதவும், மேல பண்ணுன பிங் வரிசையே அதுதானே.

7. ஒரு கேபிள் உங்க கையால அடிங்க

இத மட்டும் தட்டிக் கழிக்காதீங்க. காந்திபுரம் பக்கம் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைல கேட்6 கேபிள் ரெண்டு மீட்டர், ஆர்ஜே45 பின் பத்து, ஒரு கிரிம்பிங் டூல், ஒரு டெஸ்டர் வாங்குங்க, நாலு பேர் சேந்து வாங்குனா செலவு தெரியாது. மேல் தோல ஒரு இன்ச்சு உரிச்சா நாலு ஜோடி ஒயர் முறுக்கி இருக்கும். பின்னோட கிளிப்பு கீழ பாத்த மாதிரி புடிச்சுட்டு, இடப்பக்கத்துல இருந்து வெள்ள ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளப் பச்ச, நீலம், வெள்ள நீலம், பச்ச, வெள்ள பிரவுன், பிரவுன். ரெண்டு முனைக்கும் இதே வரிசை. முறுக்க அரை இன்ச்சுக்கு மேல பிரிக்காதீங்க, அந்த முறுக்குதான் பக்கத்து ஒயரோட தொந்தரவத் தடுக்குது. ஒயர நேராக்கி, நுனிய ஒரே மட்டமா வெட்டி, பின்னோட கடைசி வரைக்கும் தள்ளுங்க, எட்டு செம்பு நுனியும் முன்னாடி பக்கம் தெரியோணும். வெளித்தோலும் பின்னுக்குள்ள வந்து கிளிப்புக்கு அடில மாட்டியிருக்கோணும், இல்லாட்டி ரெண்டு தடவ இழுத்ததும் கழண்டுக்கும்.

அடிச்ச கேபிள சொருகி லிங்க் ஸ்பீடு பாருங்க. 1 ஜிபிபிஎஸ் வரவேண்டிய எடத்துல 100 எம்பிபிஎஸ்னு காட்டுனா நீலம் இல்லாட்டி பிரவுன் ஜோடில ஒன்னு படல, ஏன்னா 100க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும், 1000க்கு நாலு ஜோடியும் வேணும். நெட் ஸ்லோன்னு வர்ற புகார்ல இது அடிக்கடி மாட்டும்.

ஒரு கேபிளுக்கு 100 மீட்டர்தான் கணக்கு. நிட்டிங் செட்டு எல்லாம் நீளமா இருக்கும், தாண்டுச்சுன்னா நடுவுல சுவிட்சு வெக்கோணும், இல்லாட்டி ஃபைபர் இழுக்கோணும். ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்குன்னா தூரம் கம்மியா இருந்தாலும் ஃபைபர்தான் நல்லது, செம்பு கேபிள் இழுத்தா எங்கியோ இடி உழுந்ததுக்கு ரெண்டு பக்க சுவிட்சும் சேந்து போயிரும். மெசினுக்குப் போற பவர் ஒயரோட சேத்துக் கட்டாதீங்க. பஞ்சு பறக்கற எடத்துல சுவிட்ச மூடுன ரேக்குல வெய்யுங்க, ஃபேன்ல பஞ்சு அடச்சு சூடாகி தானா ஆஃப் ஆகி ஆன் ஆகிட்டிருக்கும், பாக்கறவங்க நெட் உட்டு உட்டு வருதுன்னு சொல்லுவாங்க.

8. பாக்கெட் ட்ரேசர்ல கட்டிப் பாருங்க

நெட்வொர்க்க லேப்டாப்புக்குள்ளயே மாதிரியா கட்டிப் பாக்கற சாஃப்ட்வேர் இது, சிஸ்கோவோட பாக்கெட் ட்ரேசர் ஓசிதான், அவங்க தளத்துல கணக்குத் தொடங்கி இறக்கிக்கலாம். ஒரு ரவுட்டரு, ரெண்டு சுவிட்சு, ஒவ்வொரு சுவிட்சுக்கும் ரெண்டு பிசி. ஒரு பக்கம் 192.168.1, இன்னொரு பக்கம் 192.168.2ன்னு அட்ரஸ் போடுங்க, ரவுட்டரோட ரெண்டு இன்டர்ஃபேசுக்கும் கடைசி நம்பர் 1ன்னு குடுத்து, நோ ஷட்டவுன் (அத ஆன் பண்ற கமாண்டு) குடுக்க மறக்காதீங்க, ரவுட்டர்ல இன்டர்ஃபேஸ் எல்லாம் ஆஃப்ல தான் இருக்கும். மொதல்ல பிசில கேட்வே போடாம ஒரே பக்கத்துக்குள்ள பிங் பண்ணுங்க, போகும். அடுத்த பக்கத்துக்கு பண்ணுங்க, போகாது. இப்ப நாலு பிசிலயும் கேட்வே போட்டுட்டு மறுபடி பண்ணுங்க. மொத பிங் டைம் அவுட் ஆகி மிச்சம் வரலாம், எதையும் மாத்திறாதீங்க, எல்லாம் சரியாத்தான் இருக்குது. எதிர்ல இருக்கற மேக் அட்ரஸ் என்னன்னு ஏஆர்பி கேட்டு வாங்கறதுக்குள்ள மொத பாக்கெட்டோட நேரம் முடிஞ்சிருக்கும். உடனே இன்னொருக்கா பிங் அடிங்க, நாலும் வரும்.